திருவிருந்தும் வீட்டுப் பந்தியும்

ஒருவர் வீட்டில் உண்பதைக் "கை நனைத்தல்" என்று நம் மக்கள் வழங்குவர். "அவர்கள் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை" என்று ஒரு குடும்பத்தார் கூறுவாராயின் அதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. பகை, சாதி என்னும் இரண்டில் ஒன்று காரணம் என்று கேட்பவர் அறிந்துகொள்வார். தமிழ்நாட்டுப் புராட்டஸ்டண்டுத் திருச்சபையின் 300 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை இந்த ஒரு வழக்கை வைத்தே எழுதிவிடலாம் போலும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. திரித்துவத்தைப் பற்றியோ, நீதிமானாக்கப்படுதலைப் பற்றியோ நம் முன்னோர் பெருந்திரளாகச் சபையைவிட்டுப் பிரிந்ததை நாம் அதிகமாகக் காணோம். யார் அருகில் அமர்வது, யார் கையால் சமைத்ததை உண்பது, யாருடைய வாய் பட்ட பாத்திரத்தில் பருகுவது என்பவற்றுக்காகப் பிரிந்தவர்களோ பலர்.

அன்றாட வாழ்வில் மெய்யான விசுவாசம் விளங்கவேண்டும் என்று நம் பிரசங்க பீடங்களில் அடிக்கடி போதிக்கிறோம். நேர்மை, தனி ஜெபம், நாவடக்கம், ஈகை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லுகிறோம். அவை வேண்டியவையே. ஆயினும் அன்றாடம் என்றால் முதலில் சோறும் தண்ணீரும் அல்லவா? ஆகவே இக்கட்டுரையில் திருவிருந்துப் பந்திக்கும் வீட்டுப் பந்திக்கும் இடையே நம் சபையில் நிலவிவந்த உறவை வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகிறோம். முதற்பந்தியை ஒன்றாக்க அத்தியட்சரின் ஆணையும் மிஷன் விதிகளும் ஒருவாறு பயன்பட்டன. இரண்டாம் பந்தியை அவை எட்டவில்லை என்பதே நாம் கண்ட முடிவு.

இவ்வினா தமிழகத்தில் பிறந்ததன்று. விருத்தசேதனமில்லாதவரிடத்தில் போய் அவர்களோடு உண்டதற்காக எருசலேமிலுள்ளோர் பேதுருவோடு வாதாடினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரம் தெரிவிக்கிறது. கொர்நேலியுவின் வீட்டுச் செய்தியை அவர் அஞ்சாது விளக்கி அவர்களைச் சம்மதிக்கச் செய்தார். அதே பேதுரு, பின்னர் அந்தியோகியாவில், யாக்கோபிடமிருந்து சிலர் வந்தவுடன் புறஜாதியாரின் பந்தியைவிட்டு விலகினார். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் இதனைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு மாறான நடை என்றே கருதுகிறார். ஒருமுறை உண்டவர் மறுமுறை விலகக்கூடும் என்பதை வாசகர் இங்கே குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்; பின்னர் இதற்குத் திரும்புவோம். கொரிந்துவிலோ திருவிருந்து முழு உணவோடு கூடியதாயிருந்தமையால், ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறிகொள்ளும் நிலை நேர்ந்தது. ஏறத்தாழக் கி.பி. 112-இல் பித்தினியாவின் ஆளுநராயிருந்த பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிப் பின் கலைந்து, மீண்டும் உணவுக்காகக் கூடுவதைக் குறிப்பிடுகிறார். காலப்போக்கில் அன்பின் விருந்து மறைந்தது. அப்பமும் இரசமும் பீடத்தில் நின்றன. பெருகிவரும் சபைக்கு இம்மாற்றம் தேவையாயிருந்திருக்கலாம். ஆனால், அதனால் பீடத்தில் ஒன்றாகவும் அடுக்களையில் வேறாகவும் இருக்க இடம் உண்டாயிற்று.

சீகன்பால்குவும் புளுச்சௌவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். 1707 மே 12 அன்று அவர்கள் திருமுழுக்களித்த முதல் ஐவரும் டேனியர் இல்லங்களில் அடிமைகளாயிருந்தோர். அடிமைகளைக் கொண்டு தொடங்கிய சபை, ஒரு தலைமுறைக்குள் ஆலயத்தினுள் சாதி வாரியாக இடம் பிரித்து அமரும் சபையாயிற்று. அக்கால மிஷன் ஆவணங்கள் வெள்ளாளர் முதலானோரைச் "சூத்திரர்" என்று குறிக்கின்றன. ஒரு புறம் அவர்களும், மறுபுறம் பறையர் குலத்திலிருந்து வந்தோரும் அமர்ந்தனர். இது ஊர் வழக்கம், நாளடைவில் மாறும் என்று மிஷனெரிமார் தம்மைத் தேற்றிக்கொண்டனர்.

இத்தேற்றரவின் விலையை ஒருவர் செலுத்தினார். அவர் இராசநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர். ரோமச் சபையைச் சேர்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷங்களைத் தாமே வாசித்து உணர்வடைந்தவர். உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் எதிர்ப்புகளுக்கிடையே உழைத்தார். 1733-இல் கடலூரைச் சேர்ந்த வெள்ளாளராகிய ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். 1741-இல் தியோகு அப்பணிக்கு உயர்த்தப்பட்டார். இராசநாயக்கனின் பெயரும் எண்ணிப் பார்க்கப்பட்டது. ஒழுக்கத்திலோ உழைப்பிலோ வேத அறிவிலோ அவரிடம் குறை காணப்படவில்லை. பறையர் குலத்தவர் கையிலிருந்து நற்கருணை பெற மற்றவர்கள் கூசுவார்கள் என்ற அச்சமே அவரை உபதேசியாராகவே நிறுத்திவிட்டது. இவ்விடத்தில் நாம் மிஷனெரிமாரையோ வெள்ளாளரையோ மட்டும் குறைகூற விரும்பவில்லை. ஆனால் ஆலய இருக்கையில் "வழக்கம்" என்று விட்டுக்கொடுத்த ஒன்று, காலப்போக்கில் குருத்துவத்தையே வரையறுக்கும் விதியாயிற்று என்பதை இறையியல் மாணவர் கருதவேண்டும். ஆரோனின் பெயரை நாம் விழா எடுத்து நினைக்கிறோம். இராசநாயக்கனை நினைக்க நம் திருச்சபை நாட்காட்டியில் ஒரு நாள் உண்டா?

சுவார்ட்ஸ் ஐயரின் நீண்ட ஊழியக் காலத்திலும் (1750–1798) இருக்கைகள் இரு புறமாகவே இருந்தன. அன்பினாலும் பொறுமையினாலும் இது தானே கரையும் என்பது அவருடைய நம்பிக்கை. 1826-இல் தெற்கே வந்த ஹீபர் அத்தியட்சரும் சாதியைப் பெரும்பாலும் குடிமை வேறுபாடாகவே கருதும் சார்புடையவராயிருந்தார். விசாரணை முடிவு பெறுமுன்னரே ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் அவர் மரித்தார்.

மறுபுறத்தாரின் வாதத்தையும் நாம் நியாயமாகக் கேட்கவேண்டும். அதனைத் திறம்பட எடுத்துரைத்தவர் சுவார்ட்ஸ் ஐயரின் மாணவராகிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). இளம் மிஷனெரிமார் பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், ஆலயத்தில் தமிழிசையைத் தடுக்கிறார்கள், பண்டிகைக்கும் மணவிழாவுக்கும் பூச்சூட விடுகிறார்களில்லை, சாதிகளைக் கலக்க வற்புறுத்துகிறார்கள் என்று 1820-களின் இறுதியில் அவரும் அவரைச் சார்ந்தோரும் முறையிட்டனர். இவற்றில் முதல் மூன்றிலும் நம் உள்ளம் சாஸ்திரியார் பக்கமே சாய்கிறது. பூவிலும் பண்ணிலும் அஞ்ஞானத்தைக் கண்ட அம்மிஷனெரிமார், தம் நாட்டு நடையையே சுவிசேஷம் என்று மயங்கினர். ஆனால் நான்காவது முறையீட்டை முதல் மூன்றோடு ஒரே கயிற்றில் கட்டியதுதான் துயரம். பூவை மறுத்தால் யாருக்கும் இழிவில்லை. உடன் உண்ண மறுத்தால் எதிரே நிற்பவன் இழிந்தவனாகிறான். பண்பாட்டைக் காக்கிறோம் என்ற நல்ல சொல்லுக்குள்ளே சாதி ஒளிந்துகொள்ளும் வழக்கம் அன்றே தோன்றிவிட்டது. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்று எல்லாச் சாதியாரும் ஒரே குரலில் பாடுகின்றனர். அவர் பாட்டை ஏற்று அவர் பந்தியை மறுத்தது சபையின் நல்ல தெளிவு என்போம்.

அதே காலத்தில் தெற்கே, 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், தம்மிடம் கல்வி பயில்வோர் அனைவரும் ஒன்றாக உண்ணவேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார். அதன்பொருட்டு மாணவர் சிலரை இழக்கவும் துணிந்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனெரிமாரின் விடுதிப் பள்ளியிலோ, மாணவரின் ஆசாரத்துக்கு இணங்கி, அயலிலிருந்த சைவர் நிலத்தில் சமையல் நடைபெற இடங்கொடுத்தனர். கல்வியைக் கொடுத்தால் மற்றவை பின்தொடரும் என்பது அவர்கள் எண்ணம். இவ்விரண்டில் எது சரி என்று இங்கே தீர்ப்பளிக்க நாம் துணியோம். ஆயினும் ஒரு செய்தியைச் சொல்லாதிருக்க முடியவில்லை. ரேனியஸ் உழைத்த பாளையங்கோட்டைக்குச் சில கல் தொலைவிலுள்ள சேரன்மாதேவியில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவருக்குத் தனிப்பந்தி இட்டது 1924–25-இல் நாடெங்கும் பெருங்கிளர்ச்சியாயிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ரா.வும் அதனை எதிர்த்து நின்றனர். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே ஒரு சிறுவர் பந்தி மாற்றியது. ஆகவே உணவைப் பற்றிய இவ்வழக்கைச் சில்லறைக் காரியம் என்று எவரும் தள்ளுவதற்கில்லை.

இனி 1833-க்கு வருவோம். கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் அவ்வாண்டு ஜூலை 5 அன்று தென்னிந்திய மிஷன்களுக்கு ஒரு மடல் விடுத்தார். சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் முற்றிலும் விலக்கப்படவேண்டும் என்பது அதன் கருத்து. ஏற்கெனவே நற்கருணை பெற்றுவரும் பெரியோரை மென்மையாக நடத்துமாறும், புதிதாக வருவோரிடம் உறுதியாயிருக்குமாறும் அவர் அறிவுறுத்தினார். அம்மடலும் அதனைத் தொடர்ந்த நடவடிக்கைகளும் தொட்ட காரியங்களைப் பார்த்தால், நம்பிக்கை எத்தனை மூலைமுடுக்குகளில் வாழ்கிறது என்பது விளங்கும்: ஆலயத்தில் எங்கே அமர்வது, நற்கருணைக்கு யார் முன்னே வருவது, ஞானப் பெற்றோராக யார் நிற்பது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை, குருவும் உபதேசியாரும் எவர் வீட்டில் உண்பது.

மடல் வாசிக்கப்பட்டபோது வேப்பேரியிலும் தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் பெருந்தொகையினர் சபையைவிட்டு விலகினர். உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் பலர் இணங்க மறுத்து வேலையை இழந்தனர். இச்செய்தியை வாசிக்கும்போது நமக்குத் தனியான ஒரு வருத்தம் உண்டாகிறது. அவர்கள் கோழைகள் அல்லர், வயிற்றுப்பாட்டை விட்டுக்கொடுத்தவர்கள். சிலுவை சுமப்பதற்கு வேண்டிய மனவலிமை அவர்களிடம் இருந்தது. அதனைச் சாதிக்காகச் செலவிட்டனர். 1835-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வில்சன் தாமே தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்தார். திருச்சிராப்பள்ளியில் அவர் நடத்திய ஆராதனையில் வெள்ளாளரும் பறையரும் ஐரோப்பியரும் வரிசை பாராமல் கலந்து நற்கருணை பெற்றனர். நம் சபை வரலாற்றில் அது பெரியதொரு நாள் என்பதில் ஐயமில்லை.

அன்று பீடத்தில் அருகருகே முழங்காற்படியிட்டோர் வீடு திரும்பியபின் என்ன செய்தனர்? இதற்கு ஏடுகளில் விடையில்லை. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குச் சபையில் பதிவேடு உண்டு. யார் யார் வீட்டில் கை நனைத்தார்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை. ஆனால் திருமணப் பதிவேட்டை ஊர்ப்பெயரோடும் குடும்பப் பெயரோடும் பொருத்தி வாசிக்கத் தெரிந்த சேகரகுரு எவரும் விடையை ஊகித்துக்கொள்வார். கொள்வினை கொடுப்பினை என்னும் வாய்க்கால் பழைய வரப்புக்குள்ளேயே ஓடியது.

விலகியோரில் பலர் பின்னர் 1840-களில் தரங்கம்பாடியை மையமாகக் கொண்டு பரவிய லைப்சிக் லுத்தரன் மிஷனில் இடம்பெற்றனர். அம்மிஷனின் தலைவர் கார்ல் கிரால் 1849 முதல் 1853 வரை இந்தியப் பயணம் மேற்கொண்டவர். தமிழை ஆழ்ந்து கற்றவர். சாதியைச் சட்டத்தால் வெட்டலாகாது, சுவிசேஷம் புளித்த மாவைப்போல் உள்ளிருந்து வேலைசெய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. இதனை ஒப்பாத ஓக்ஸ் என்னும் மிஷனெரி 1859-இல் அம்மிஷனைவிட்டுப் பிரிந்தார். மறுபுறம், மதுரை அமெரிக்க மிஷன் 1847-இலும், சென்னை மிஷனெரி மாநாடு 1850-இலும் கடுமையான விதியொன்றை மேற்கொண்டன. சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. பறையர் சமைத்த உணவைத் தக்க சமயத்தில் உண்டு மெய்ப்பிக்கவேண்டும். அதுவரை சபையின் முழு அங்கத்தினர் என்ற உரிமையில்லை.

இரு தரப்பாரிடமும் உண்மையின் ஒரு பகுதி இருந்தது என்று சமரசம் கூறுவது எளிது. நாம் அவ்வாறு கூற விரும்பவில்லை. புளித்த மாவு வேலை செய்யும்வரை காத்திருக்கலாம் என்றவர்கள், காத்திருப்பதன் சுமை யார் தலையில் ஏறியது என்பதைக் கணக்கிடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவன் தரையில் அமர்ந்தவனே. பாயில் அமர்ந்தவனுக்குக் காத்திருப்பதில் கடினமில்லை. அந்த மட்டில் மதுரையாரும் சென்னையாரும் செய்ததே சரி. ஆனால் அவர்களுடைய சோதனையில் வேறொரு குறை இருந்தது. உணவு தேர்வாயிற்று. ஒரு கவளத்தை விழுங்கிவிட்டால் தேர்ச்சி. அதன்பின் வீட்டுக்குப் போய்த் தலை முழுகினாலும் விதி அவரைத் தொடாது. கொர்நேலியுவின் வீட்டில் உண்ட பேதுருதான் அந்தியோகியாவில் விலகினார் என்று மேலே குறித்தது இதன்பொருட்டே. பேதுரு 1847-இல் மதுரையிலிருந்திருந்தால் சோதனையில் எளிதாகத் தேறியிருப்பார். பவுல் அவரிடம் கேட்டது பழைய தேர்ச்சிச் சீட்டையன்று. இன்றைக்கு எந்தப் பந்தியில் அமர்ந்திருக்கிறாய் என்றே கேட்டார்.

மற்றொன்று: சோதனை வைத்தவர்களின் வீட்டு மேசை எப்படியிருந்தது? 1910 ஜூன் மாதம் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசினார். இந்தியக் கிறிஸ்தவருக்கும் ஐரோப்பிய மிஷனெரிக்கும் இடையே நட்பு இல்லை. கைகுலுக்குவதையும் நாற்காலி தருவதையும் விருந்துக்கு அழைப்பதையும் அவற்றின்பொருட்டு நாம் கேட்கவில்லை, அவை நட்பின் அடையாளமாயின் வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் கூறியது அம்மண்டபத்தில் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கிற்று. தமிழரின் பந்தியைச் சோதித்தவர்களின் பந்தியை ஒரு தமிழர் சோதித்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் அவரே தோர்ணக்கல்லின் முதல் அத்தியட்சரானார்.

நம் காலத்துக்கு வருவோம். உணவு விடுதியிலும் இரயில் வண்டியிலும் கல்லூரி விடுதியிலும் சமைத்தவர் யார் என்று இன்று எவரும் கேட்பதில்லை. ஆண்டுதோறும் சுதந்திர நாளன்று கோயில்களில் அரசு சமபந்தி விருந்து நடத்துகிறது. ஆகவே இவ்வழக்கு முடிந்துவிட்டது என்று நகரத்துச் சபையார் எண்ணுகின்றனர். நம் எண்ணம் வேறு. உணவு விடுதி சாதியைக் கேளாததன் காரணம், அது நம்மைப் பற்றி எதையுமே கேளாது என்பதே. காசு கொடுத்து உண்டு எழுந்தபின் அருகிலிருந்தவரோடு நமக்கு யாதோர் உறவும் இல்லை. வீட்டுப் பந்தி அப்படிப்பட்டதன்று. அழைப்பவர் தம் அடுக்களையை, தம் பெண்டு பிள்ளைகளை, தம் இருப்பையும் இல்லாமையையும் நம் முன் திறந்துவைக்கிறார். அங்கேதான் பழைய வரப்பு இன்னும் நிற்கிறது.

இவ்வரப்பைப் பற்றி நம் சபைகள் இரு நாவாகப் பேசுவதும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அநீதியான அவ்வாணையை எதிர்த்து மனுச் செய்யும்போது, எங்கள் சபைக்குள்ளும் சாதிக் கொடுமை உண்டு என்று சொல்லுகிறோம். அதே வாயால் ஆண்டுவிழா மேடையில், கிறிஸ்துவுக்குள் எங்களிடம் சாதியில்லை என்று பெருமை பேசுகிறோம். முதற்கூற்றே உண்மை. அதனை நீதிமன்றத்தில் சொல்லும் துணிவு சேகரக் கமிட்டியிலும் வரவேண்டும்.

குருத்துவத்துக்கு ஆயத்தமாகும் இளைஞரை நோக்கி ஒன்று கூற விழைகிறோம். புதிய சேகரத்துக்குச் செல்லும் குருவைச் சபையார் முதல் மாதத்திலேயே அளந்துவிடுவர். அவருடைய கிரேக்க அறிவைக்கொண்டன்று. பெரிய தெருவில் அமர்ந்து விருந்துண்டவர் காலனித் தெருவில் நின்றபடியே ஜெபித்துவிட்டுக் கிளம்பினால், "ஐயருக்கு நேரமில்லை" என்று அம்மக்கள் மரியாதையாகச் சொல்லுவார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியும். அங்கே வீட்டுக்காரம்மாள் தயங்கித் தயங்கி நீட்டும் காப்பியை வாங்கிப் பருகுவது எந்த ஆராதனை முறைமையிலும் எழுதப்படவில்லை. முதல்முறை பருகினால் ஊர் பேசும். பத்தாம் முறை பருகினால் வழக்கமாகும். வில்சன் மடலில் குருவும் உபதேசியாரும் உண்ணும் வீடு பேசப்பட்டதன் காரணமும் இதுவே.

விதியாலன்றி வாழ்க்கையாலேயே இதனைச் செய்ய முயன்றோரும் நம்மிடையே இருந்தனர். சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழரும் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காத்தியரும், இருவரும் மருத்துவர், 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் ஆசிரமத்தாரும் ஊராரும் அழைத்தனர். ஆளும் இனத்தைச் சேர்ந்த வெள்ளையர் இளையவராகத் தரையில் அமர்ந்து, அதே மரக்கறி உணவை அதே வரிசையில் உண்டார். அங்கே எவரும் யாரையும் சோதிக்கவில்லை. நாள்தோறும் மணியடித்தது, நாள்தோறும் ஒன்றாக உண்டார்கள்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), "பரட்டை" என்னும் பெயரில் நாட்டுப்புற இசையில் பாடல்கள் இயற்றியவர் என்பதை வாசகர் பலர் அறிவர். "ஒரு உலை" என்பது அவர் விடாது வற்புறுத்திய சொல். வீட்டுக்கு வீடு அடுப்பு வேறாயிருக்கும்வரை ஒரே அப்பத்தைப் பிட்டுப் பயனில்லை என்பது அவர் வாதம். எல்லாரும் அரிசி கொணர்ந்து ஒரே உலையில் இட்டுச் சமைத்து ஒன்றாக உண்பதைத் திருவிருந்தின் பொருளாகவே அவர் கண்டார். அவ்வுணவு ஆராதனைக்குப் பின்வரும் உபசாரமாக எண்ணப்படவில்லை. ஆராதனையில் அதுவும் அடங்கியிருந்தது.